பெயரே வரையறை ஆகுமா? மருத்துவ, உணவியல், உளவியல் கலைச்சொற்களின் தமிழ் விளக்கங்கள்: ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் அறிவியற் கலைச்சொல்லாக்கம் பற்றிய சிந்தனைக்கு நெடிய வரலாறு உண்டு. 1847இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து அதற்கென நூல்களையும் ஆக்கினார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கெனச் சங்கம் கண்டனர். அதன்பின் தமிழகத்திலும் இலங்கையிலும் துறைதோறும் சொற்பட்டியல்கள் வெளிவந்தன. இம்முயற்சிகளை ஒட்டி எழுந்த விவாதங்களைத் தொகுத்து நோக்கின், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வினாவைச் சுற்றி அமைந்திருக்கக் காண்கிறோம். ஏற்கத்தக்கது தமிழ்ச் சொல்லா, வடசொல்லா, ஒலிபெயர்ப்பா என்பதே அவ்வினா.

சொல்லைத் தேர்ந்த பின்னர், அச்சொல்லுக்கு நாம் எழுதும் விளக்கம் சரியானதுதானா என்னும் இரண்டாவது வினா அத்துணை அக்கறையோடு எழுப்பப்படவில்லை. மலேசிய, சிங்கப்பூர்ச் சூழலில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. தமிழ்ப்பள்ளியில் நலக்கல்வி கற்பிக்கும் ஆசிரியர், மருத்துவக் கையேட்டைத் தமிழாக்குபவர், மருத்துவர் ஆங்கிலத்திலோ மலாயிலோ கூறியதை முதிய பெற்றோருக்கு வீட்டில் எடுத்துரைக்கும் பிள்ளை ஆகிய மூவரும், தாம் அறியாமலேயே நாள்தோறும் வரையறை செய்கின்றனர். அவர்கள் கூறும் வரையறையை நம்பி ஒருவர் உண்கிறார். ஒருவர் மருந்தை நிறுத்துகிறார். ஒருவர் மருத்துவரை நாடாமல் இருந்துவிடுகிறார்.

இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் கருத்து ஒன்றே. நம்மிடையே வழங்கும் விளக்கங்களுட் பல, பொருளை நோக்கி எழுதப்பட்டவை அல்ல. பொருளின் தமிழ்ப் பெயரைப் பிரித்து எழுதப்பட்டவை. அவற்றில் பெயரே வரையறையாகி விடுகிறது. இதனால் விளையும் பிழைகளை மருத்துவம், உணவியல், உளவியல் ஆகிய துறைகளிலிருந்து நான்கு சொற்களைக் கொண்டு ஆராய்வோம்.

பெயரும் வரையறையும்

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்துக் கண்டது நம் இலக்கண மரபு. கலைச்சொல்லாக்கத்தில் தமிழறிஞர் பெரிதும் விரும்புவது காரணப் பெயரையே. சொல்லைக் கேட்ட அளவில் பொருள் விளங்க வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். அந்நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும், காரணப் பெயர் பொருளின் ஏதேனும் ஒரு கூற்றைப் பற்றியே அமைகிறது. பொருள் முழுவதையும் அது சொல்வதில்லை. நாற்காலி நான்கு கால்களை உடையது என்பது பெயர்க்காரணம். மேசைக்கும் நான்கு கால்கள் உண்டு என்பதால் மேசை நாற்காலி ஆகிவிடாது. இதனை நம் மாணவர் எளிதில் உணர்வர். நோய்ப் பெயரில் மட்டும் இவ்வுணர்வு நம்மை விட்டு நீங்கிவிடுகிறது.

வரையறையின் குற்றங்களைத் தருக்க நூலார் மூன்றாக வகுப்பர். பசுவைக் கபில நிறமுடையது என வரையறுத்தால் பிற நிறப் பசுக்கள் விடுபடும், இது அவ்வியாத்தி. கொம்புடையது என்றால் எருமையும் ஆடும் உட்புகும், இது அதிவியாத்தி. ஒற்றைக் குளம்புடையது என்றால் எந்தப் பசுவுக்கும் பொருந்தாது, இது அசம்பவம். நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் ஆகியவை இவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கன. எடுத்துக்கொண்ட விளக்கங்களை மதிப்பிட வேற்றுக் கருவி தேட வேண்டியதில்லை. நம் மரபிலுள்ள இவையே போதும்.

பெயர் பிழைபடுதல் தமிழுக்கு மட்டும் உரிய குறையன்று. 1912இல் காசிமிர் ஃபங்க் ‘விட்டமின்’ என்னும் பெயரை ஆக்கியபோது, அப்பொருள்கள் அமீன் என்னும் வேதியல் வகையைச் சேர்ந்தவை எனக் கருதினார். அவ்வாறல்ல என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1920இல் சொல்லின் ஈற்றெழுத்து ஒன்றை நீக்கிவிட்டு அப்பெயரையே தொடர்ந்து வழங்கினர். பெயர் பிழையாயினும் வரையறை திருத்தப்பட்டது, ஆதலின் தீங்கில்லை. பெயரிலிருந்தே வரையறையைப் பெறும் வழக்கம் இருந்திருப்பின் அப்பிழை இன்றளவும் நீடித்திருக்கும்.

இனிப்புநீர்: குறியே நோயாதல்

நீரிழிவு, சர்க்கரை நோய், இனிப்புநீர் என மூன்று பெயர்களால் வழங்கும் நோயை முதலில் நோக்குவோம். இந்நாட்டில் பேச்சுவழக்கில் மிகுதியும் கேட்கப்படுவது இனிப்புநீர் என்பதே. மலாய் வழக்கான ‘கெஞ்சிங் மானிஸ்’ என்பதும் அதே பொருளுடையது. ‘சிறுநீரில் சர்க்கரை வெளியேறும் நோய்’ என்னும் விளக்கத்தை நம் பயிற்சி ஆசிரியர்தம் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் காண்கிறோம். இது பெயரைப் பிரித்துக் கூறியதேயன்றி வேறன்று.

இவ்விளக்கம் எங்கே பிழைபடுகிறது? உணவுண்ணா நிலையில் இரத்தக் குளுக்கோசு லிட்டருக்கு 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருப்பது நீரிழிவைக் காட்டும் அளவு என உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. ஆனால் சிறுநீரகம் குளுக்கோசைச் சிறுநீரில் விடத் தொடங்குவது, பொதுவாக அவ்வளவு ஏறத்தாழ 10 மில்லிமோலைக் கடந்த பின்னரே. இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நிலையில் நோய் உண்டு. இனிப்பான நீர் இல்லை. எனவே, இவ்வரையறை நோயாளர் பலரை வெளியே நிறுத்துகிறது. இது தெளிவான அவ்வியாத்தி.

அதே வரையறையில் அதிவியாத்தியும் உண்டு. குளுக்கோசைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதையே தொழிலாகக் கொண்ட மாத்திரைகள் இன்று வழக்கில் உள்ளன. நீரிழிவு இல்லாத இதயநோயாளருக்கும் அவை தரப்படுகின்றன. அவர்தம் சிறுநீரில் சர்க்கரை உண்டு; நோய் இல்லை.

நம் உறவினராகிய மூதாட்டி ஒருவர் தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர். சோதனைக்கு அழைத்தபோதெல்லாம், “எறும்பு மொய்க்கலையே, எனக்கு எங்க இனிப்புநீரு?” என்பார். அவரை அறியாமை உடையவர் எனக் கூறுதல் முறையன்று. பெயர் கற்பித்த வரையறையை அவர் ஒழுங்காகப் பின்பற்றினார். பாதப் புண் ஆறாத நிலையிலேயே அவர் மருத்துவமனைக்குச் சென்றார். 2019ஆம் ஆண்டின் மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வு, பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. பெரியவர்கள் அனைவருள்ளும் 9.4 விழுக்காட்டினரே தமக்கு நோய் இருப்பதை அறிந்திருந்தனர், எஞ்சிய 8.9 விழுக்காட்டினர் நோய் இருந்தும் அறியாதிருந்தனர். இனங்களுள் இந்தியரிடையே அளவு மிகுந்திருந்தது. அறியாமைக்குக் காரணம் பெயரே என நாம் கூறவில்லை. அறிகுறியை எதிர்நோக்கியிருக்கச் செய்யும் ஒரு பெயர், அறிகுறியின்றி வளரும் நோய்க்குத் துணைபோகிறது என்றே கூறுகிறோம்.

நீரிழிவு என்னும் இலக்கிய வழக்கும் இக்குறைக்கு விலக்கன்று. நீர் மிகுதியாய்ப் பிரிதலைக் கூறும் பெயர் அது. மூல கிரேக்கச் சொல்லும் ‘கடந்து செல்லல்’ என்ற பொருளிலேயே அமைந்தது. சர்க்கரையோடு தொடர்பின்றி நீர் மட்டும் மிகுதியாய்ப் பிரியும் வேறொரு நோயும் மேலை மருத்துவத்தில் அதே பெயரைத் தாங்கி வந்தது. பெயரொற்றுமையால் நோயாளர்க்குத் தவறான கவனிப்பு நேர்வதைக் கண்ட பன்னாட்டு அகச்சுரப்பியியல் அமைப்புகளின் குழு, அந்நோயின் பெயரை மாற்றுமாறு 2022இல் பரிந்துரைத்தது. பெயர் மயக்கம் உயிருக்கே ஊறு செய்யக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அளவு பற்றியும் ஒன்று கூற வேண்டும். தமிழகத்தில் அச்சாகும் நூல்கள் இரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்னும் அலகில் தருகின்றன. நம் மருத்துவமனைகள் மில்லிமோலில் தருகின்றன. அங்கு 126 எனப்படுவதே இங்கு 7.0. அலகு கூறாத விளக்கத்தைப் படித்தவர், தம் அறிக்கையில் 12 என்று கண்டு, நூறுக்கும் மிகக் குறைவு என மகிழ்வது இயல்பே.

மாவுச்சத்து: குன்றக் கூறல்

உணவியல் சொற்களுள் நம் வகுப்பறைகளில் மிகுதியாக வழங்குவது மாவுச்சத்து. கார்போஹைட்ரேட்டு என்னும் பெருவகைக்கு இச்சொல்லை ஆள்கிறோம். அப்பெருவகையுள் சர்க்கரைகள், மாப்பொருள், நார்ப்பொருள் ஆகியவை அடங்கும். மாவு என்பது அவற்றுள் ஒன்றனையே சுட்டும். வகையின் பெயராக உட்பிரிவின் பெயரை வைத்துவிட்டோம். இலங்கைப் பாடநூல் வழக்கில் காபோவைதரேற்று என்பது பெருவகைக்கும் மாப்பொருள் என்பது உட்பிரிவுக்கும் வேறுவேறாக நிற்கின்றன. ஓசை கரடுமுரடாயினும் பொருள் அங்குக் குழம்பவில்லை.

‘மாவுச்சத்து என்பது அரிசி, கோதுமை, கிழங்கு முதலியவற்றில் உள்ள, உடலுக்கு ஆற்றல் தரும் சத்து’ என்னும் விளக்கம் குன்றக் கூறல் ஆகும். இதனைக் கற்ற மாணவர் வீடு சென்று, நீரிழிவுடைய பாட்டிக்கு ‘மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும்’ என மருத்துவர் கூறியதை விளக்குகிறார். பாட்டி தோசையை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைக்கிறார். ஆனால் தே தாரிக்கை விடவில்லை. அதில் கலக்கும் இனிப்பூட்டிய டின் பாலில் எடையளவில் பாதிக்கு மேல் சர்க்கரை. சர்க்கரை மாவு அன்று என்பது பாட்டியின் நியாயம். பழச்சாற்றிலும் மாவு இல்லை, பாலிலும் இல்லை. பெயர் வழி நின்று பார்த்தால் அவர் கூற்றில் பிழை காண இயலாது.

‘சத்து’ என்னும் பின்னொட்டு மற்றொரு மயக்கத்தைச் சேர்க்கிறது. தமிழில் சத்து என்பது வலிமை, நன்மை ஆகிய பொருள்களைத் தரும். ‘சத்தில்லாத உணவு’ என்பது பழிப்புரை. எனவே மாவுச்சத்து, கொழுப்புச்சத்து என்னும் பெயர்கள் அளவைக் குறித்து மௌனம் சாதிப்பதோடு, மிகுதல் நன்று என்ற குறிப்பையும் தருகின்றன. வரையறை இக்குறிப்பை வெளிப்படையாக மறுக்க வேண்டும். ஒரு கிராம் கார்போஹைட்ரேட்டும் ஒரு கிராம் புரதமும் தனித்தனியே ஏறத்தாழ 4 கிலோகலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரியும் தரும் என்ற எளிய அளவை விளக்கத்தில் இடம்பெற்றாலே மயக்கம் பாதி நீங்கும்.

மன அழுத்தம்: மிகைபடக் கூறல்

உளவியலில் நிலைமை மாறுபடுகிறது. அங்குப் பெயர் குறுகியதாக இல்லை; அளவு மீறி விரிந்துள்ளது. தேர்வுக் காலப் பதற்றம், அலுவலக வேலைச்சுமை, மாதக் கணக்கில் நீடிக்கும் மருத்துவத் தன்மையுடைய சோர்வு ஆகிய அனைத்தும் செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் ‘மன அழுத்தம்’ எனப்படுகின்றன. மனச்சோர்வு, மன உளைச்சல் ஆகிய சொற்கள் நம்மிடம் இல்லாமலில்லை. அவற்றை வேறுபடுத்தி ஆளும் ஒழுங்கே இல்லை. மலாயில் ‘தெக்கானான்’ என்பது புறத்திலிருந்து வரும் நெருக்கடியையும் ‘கெமுருங்கான்’ என்பது நோய்நிலையையும் சுட்டித் தனித்தனியே நிற்பதை நம் மாணவர் நன்கறிவர். தமிழுக்கு வந்ததும் இரண்டையும் ஒன்றாக்கி விடுகின்றனர்.

அழுத்தம் என்னும் சொல் தன்னுள் ஒரு கோட்பாட்டையே கொண்டுள்ளது. மேலே ஏதோ ஒரு சுமை இருக்கிறது. அதை இறக்கினால் மனம் நிமிர்ந்துவிடும் என்பதே அது. நெருக்கடிக்கு இது பொருந்தும். மனச்சோர்வுக்கு எப்போதும் பொருந்தாது. கண்ணுக்குப் புலனாகும் சுமை எதுவுமின்றியும் அது வரலாம். சுமை நீங்கிய பின்னும் நிற்கலாம். குறைந்தது இரண்டு வாரம், ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியில் தாழ்ந்த மனநிலையோ எதிலும் விருப்பமின்மையோ நீடிப்பது அதன் அடிப்படை. உறக்கம், பசி, கவனம், தன்மதிப்பு ஆகியவற்றில் மாற்றங்களும், சிலரிடம் சாவு பற்றிய எண்ணமும் அதனோடு சேரும். அன்றாடச் செயற்பாடு குன்றும். பணியிடத்தில் நேரும் சோர்வுறுநிலையை, 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு, நோயாகக் கொள்ளாமல் தொழில்சார் நிகழ்வாகத் தனித்து வைத்திருப்பதும் இவ்வேறுபாட்டின் இன்றியமையாமையைக் காட்டும்.

மாணவர் ஒருவரைப் பற்றிய குறிப்பில் ‘மன அழுத்தம்’ என்று மட்டும் எழுதப்பட்டிருப்பின், படிப்பவர் எதனை உணர்வார்? பெற்றோர் விடுமுறைப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்வர்; ஆசிரியர் தேர்வு முடியட்டும் என்பார். இருவரும் அன்புடையவர்களே, இருவரும் சொல்லால் ஏமாற்றப்பட்டவர்கள். மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மனச்சோர்வுடைய பெரியவர்களின் விழுக்காடு 2019இல் 2.3, 2023இல் 4.6. இக்காலத்தில் சொல்லை நெகிழவிடுதல் ஏற்புடையதன்று.

மனச்சிதைவு: அசம்பவம்

நான்காவது சொல் பற்றிப் பேசுவதற்குச் சற்றுத் தயக்கம் உண்டு. ஏனெனில் அச்சொல்லைத் தாங்கி வாழும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. ஸ்கிசோஃப்ரினியா என்பதைத் தமிழில் மனச்சிதைவு என வழங்குகிறோம். ‘மனம் சிதைந்து போகும் நோய்’ எனவும், ‘ஒருவருள் இரு ஆளுமைகள் தோன்றும் நோய்’ எனவும் இதற்கு எழுதப்படும் விளக்கங்கள் இரண்டும் பொருந்தாதவை. பின்னது முற்றிலும் வேறொரு நிலையைக் குறிப்பது. முன்னது பற்றி வரலாற்றை நோக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் கிரெப்பலின், இந்நோயை இளமையிலேயே தொடங்கும் அறிவுத்தேய்வாகக் கண்டு அதற்கேற்ற பெயரை வழங்கினார். நோயாளர் அனைவரும் தேய்ந்து போவதில்லை என்பதைக் கண்ட சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர், அப்பெயரை மறுத்து 1908இல் புதிய பெயரை முன்மொழிந்தார்; 1911இல் விரிவான நூலும் எழுதினார். எண்ணத் தொடர்புகளின் இணைவு குலைவதையே அவர் பிளவு எனக் கருதினார். நாம் அதனைச் சிதைவு எனப் பெயர்த்தபோது, பிளாய்லர் எதனை மறுக்கப் புதுப்பெயர் தந்தாரோ அதே கருத்தைத் தமிழில் மீண்டும் குடியேற்றிவிட்டோம். சிதைந்த மண்குடம் மீண்டும் ஒன்றாவதில்லை. ஆனால் இந்நோயுடையோருள் மூவரில் ஒருவரேனும் முழுமையாக நலம் பெற இயலும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்று. நோய்க்கு இல்லாத இயல்பை அதன் இலக்கணமாகக் கூறுதலால் இது அசம்பவத்தின்பாற் படும்.

ஜப்பானில் இந்நோய்க்கு ‘மனம் பிளவுறும் நோய்’ எனும் பொருளுடைய பெயரே முன்னர் வழங்கியது. 1993இல் நோயாளர் குடும்பங்களின் அமைப்பு வேண்டுகோள் விடுத்தது. 2002இல் ஜப்பானிய உளமருத்துவச் சங்கம் ‘ஒருங்கிணைவுக் குறைபாடு’ எனும் பொருள்படப் பெயரை மாற்றியது. மாற்றத்திற்குப் பின், நோயின் பெயர் நோயாளர்க்கே தெரிவிக்கப்படும் நிலை மூன்றாண்டுகளுக்குள் 36.7 விழுக்காட்டிலிருந்து 69.7 விழுக்காடாக உயர்ந்தது. முன்பு மருத்துவரே கூறத் தயங்கிய பெயர் அது. கொரியாவில் 2011இல் ஏற்கப்பட்ட புதுப்பெயர், நரம்பிசைக் கருவிக்குச் சுருதி கூட்டுதலை நினைவூட்டுவது. யாழையும் வீணையையும் அறிந்த மொழிக்கு இவ்வுவமை அயலானதன்று. ஆயினும் புதுப்பெயர் ஒன்றை இங்கு நாம் முன்மொழியவில்லை. அது மருத்துவரும் நோயாளர் குடும்பத்தாரும் தமிழாசிரியரும் கூடிச் செய்ய வேண்டிய பணி. அதுவரை வரையறையையேனும் திருத்திக்கொள்ளலாம்.

ஒலிபெயர்ப்புத் தீர்வாகுமா?

இக்குறைகளைக் கண்டு, அயற்சொற்களை அப்படியே ஏற்றுக்கொண்டால் போதுமே எனச் சிலர் கருதக்கூடும். ஒலிபெயர்ப்பு பொய்ப்பொருள் தராது, மெய்ப்பொருளும் தராது. ‘டிப்ரஷன்’ என்னும் சொல்லும் நம் பேச்சில் சலிப்புக்கும் துக்கத்துக்கும் பெயராகி நெடுநாளாயிற்று. கிறீன் தம் வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ எனப் பெயரிட்டார். அறுவை மருத்துவ நூலை ‘இரண வைத்தியம்’ என்றார். ஒலிபெயர்ப்பும் பழஞ்சொல்லும் அவரிடம் ஒருங்கே நின்றன. அவர்தம் மாணவர் மானிப்பாயில் நோயாளரை நேரில் கண்டு கற்றவர்கள். பெயர் விட்ட குறையைக் காட்சி நிரப்பியது. நம் வாசகர்க்கு அக்காட்சி இல்லை. ஆகவே, வரையறையின் பொறுப்பு இங்கு மிகுகிறது.

வரையறைக்கு வேண்டிய உறுப்புகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து, விளக்கம் எழுதுவோர் கருத வேண்டியவை நான்கு எனலாம்: பொருள் எவ்வினத்தைச் சார்ந்தது என்பது, இனத்துள் அதனைப் பிரித்துக் காட்டும் பண்பு, அளவோ காலமோ உண்டெனில் அலகுடன் அது, பெயர் தரும் தவறான பொருளை மறுக்கும் ஒரு தொடர். இறுதியானதே நம் விளக்கங்களில் பெரிதும் விடுபடுவது. இவ்வுறுப்புகள் அமைய, சில விளக்கங்களை எடுத்துக்காட்டாக எழுதிப் பார்ப்போம்.

இனிப்புநீர்: இன்சுலின் போதாமையாலோ அது சரிவரச் செயற்படாமையாலோ இரத்தத்தில் குளுக்கோசு அளவு மீறி நிலைத்திருக்கும் நோய், உணவுண்ணா நிலையில் லிட்டருக்கு 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல். சிறுநீரில் சர்க்கரை காணப்படாமலும் இது இருக்கலாம்.

மாவுச்சத்து: சர்க்கரை, மாப்பொருள், நார்ப்பொருள் ஆகியவற்றை உள்ளடக்கிய உணவுக்கூறு, மாவில் மட்டுமன்றிப் பழம், பால், இனிப்புப் பானம் ஆகியவற்றிலும் உள்ளது.

மனச்சோர்வு: குறைந்தது இரண்டு வாரம் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்கும் தாழ்ந்த மனநிலை அல்லது விருப்பமின்மையை அடிப்படையாகக் கொண்ட நோய், சூழல் நெருக்கடியால் வரும் மன அழுத்தத்தின் வேறானது, மருத்துவத்தால் தணியக்கூடியது.

மனச்சிதைவு: எண்ணம், புலனுணர்வு, நடத்தை ஆகியவற்றின் ஒருங்கிணைவு குலையும் உளநோய், இரட்டை ஆளுமை அன்று, மனம் அழிந்துபோதலும் அன்று, நலம் பெறுவோர் பலர்.

முடிவுரை

வழக்கூன்றிய பெயர்களை ஒரு நாளில் மாற்ற இயலாது; மாற்றவும் வேண்டியதில்லை. இனிப்புநீர் என்பது நம் மக்களின் சொல், அது நிற்கட்டும். பெயரைப் பிரித்துக் கூறிவிட்டு விளக்கம் தந்துவிட்டதாக எண்ணும் பழக்கமே விலக்கத்தக்கது. சொல்லாராய்ச்சி நமக்குக் கைவந்த கலையாதலின், பகுதி விகுதி கூறிய அளவில் பொருளை அடைந்துவிட்டோம் என்னும் மயக்கம் தமிழாசிரியரையே எளிதில் பற்றுகிறது. இம்மயக்கத்திற்கு நாமும் விலக்கல்லேம். பல்லாண்டுகள் மாவுச்சத்து என்பதை ஆராயாமலேயே கற்பித்து வந்தோம்.

வகுப்பறையில் கையாளத்தக்க எளிய வழி ஒன்று உண்டு. எந்த விளக்கத்தை எழுதினாலும் மாணவரிடம் இரு வினாக்களை எழுப்பலாம். இந்நோய் இருந்தும் இவ்விளக்கத்துள் அடங்காதவர் யார்? இவ்விளக்கத்துள் அடங்கியும் இந்நோய் இல்லாதவர் யார்? முதல் வினாவை யாரேனும் உரிய காலத்தில் எழுப்பியிருந்தால், எறும்பு வரவில்லை என்று காத்திருந்த அந்த மூதாட்டிக்கு நாம் விடை சொல்லியிருக்கலாம்.